கதவுக்குப் பின்னால் ஒரு பை

வண்டிப்பெரியாற்றில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பை ஒன்று தொங்குகிறது. ரேஷன் கார்டு, பாஸ்புக், வீட்டுக்காரருடைய பிரஷர் மாத்திரை, டார்ச், ஒரு மாற்றுச் சேலை. 2011 கடைசியில் இடுக்கியில் நில அதிர்வு வந்து, முல்லைப்பெரியாறு அணை போய்விடும் என்று ஊரே தூங்காமல் கிடந்தபோது மாட்டியது. 1895-இல் திறந்த அணை. தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம், பயம் இந்தப் பக்கம். எங்கள் சொந்தக்காரர்களோ கம்பத்தில் அந்தத் தண்ணீரில்தான் நெல் போடுகிறார்கள். யாரிடம் போய்ப் பேச!

தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தேன். இப்போது ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி காலத்துக்கு, அதாவது இயேசு ஆண்டவர் திரும்பி வரும் நாளுக்கு, எப்படி ஆயத்தமாவது என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பையைத்தான் காட்டுவேன். அணை எந்தத் தேதியில் உடையும் என்று கணக்குப் போட்டு யாரும் பை கட்டவில்லை. தேதி தெரியாததால்தான் கட்டினோம்.

ஆகவே முதல் வேலை, தேதியை விடுவது. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும், தூதர்களுக்குக்கூடத் தெரியாது என்று வேதாகமத்தில் மத்தேயு 24:36-இல் ஆண்டவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் நாம் என்ன விரலை மடக்குவது? அமெரிக்காவில் மில்லர் என்கிற விவசாயியின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22-ஆம் தேதி வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். எங்கள் லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும், அப்படி ஒருவர் உண்டு. என் கொழுந்தனார் 1999 டிசம்பரில், இரண்டாயிரம் பிறக்காது என்று யாரோ துணியில் படம் வரைந்து காட்டியதை நம்பிக் கறவைப் பசுவைப் பாதி விலைக்கு விற்றார். ஜனவரி 2-ஆம் தேதி காலையில் தூக்குவாளியோடு, வாங்கினவர் வீட்டு வாசலிலேயே பாலுக்கு நின்றார். போனில் தேதி போட்டு ஏதாவது வந்தால் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது வேலைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் கொடுக்க வேண்டியது, எனக்கு வர வேண்டியது, நான் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். முதல் பகுதி சுலபம் என்று நினைப்பீர்கள். எனக்கு அதில் பலசரக்குக் கடை பாக்கி 340 ரூபாய் வந்தது. கடைக்காரர் செத்துப் பல வருடம். மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது பகுதியில், வராது என்று தெரிந்த கைமாற்றை எல்லாம் அடித்துவிடுங்கள். அடித்ததை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் நம்மைக் கண்டு வேறு வழியில் போய்க்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது பகுதிதான் கஷ்டம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. போகிற விதத்துக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது சில. காலையில் போங்கள், சாயங்காலம் எல்லோருக்கும் அலுப்பு. துணைக்கு ஆள் கூட்டிப் போகாதீர்கள், அது பஞ்சாயத்து ஆகிவிடும். "நான் அன்றைக்குப் பேசினது தப்பு" என்று ஒரே வாக்கியம் போதும். "ஆனால் நீயும்" என்று அடுத்த வாக்கியம் வாய் வரைக்கும் வரும். அதை விழுங்கத் தெரிந்தால் பாதி ஆயத்தம் முடிந்தது. என் நாத்தனாரிடம் முதல் தடவை எனக்கு விழுங்கத் தெரியவில்லை. அம்மாவுடைய பித்தளை அண்டா விஷயம். பழைய சண்டை புதுச் சண்டையாகி அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

மூன்றாவது வேலை, விளக்கு. மணவாளன் வருகைக்கு விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதையை ஆண்டவர் சொன்னார். ஐந்து பேர் எண்ணெய் கொண்டுபோகவில்லை. அதில் எண்ணெய் வைத்திருந்த புத்தியுள்ளவர்களும்தான் தூங்கிப்போனார்கள், அதை யாரும் கவனிப்பதில்லை. தூக்கம் குற்றமில்லை, எண்ணெய் இல்லாததுதான் குற்றம். லயத்தில் மழைக்காலத்தில் கரண்டு போனால் மண்ணெண்ணெய் விளக்குதான். சிம்னியைப் பகலிலேயே சாம்பல் போட்டுத் துடைக்காதவர்கள் ராத்திரி இருட்டில் தடவுவார்கள். தினமும் விடியற்காலை கால் மணி நேரம் வேதமும் ஜெபமும் வையுங்கள். எண்ணெய் அப்படித்தான் சேரும். வாசிப்பதை வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் ஆரம்பிக்காதீர்கள். மாற்கு 13 ஒரு வாரம், பிறகு 1 தெசலோனிக்கேயர், அப்புறம் வெளிப்படுத்தலின் 22 அதிகாரத்தையும் நாளுக்கு ஒன்றாக. மிருகத்தையும் முத்திரையையும் விட எனக்கு 2, 3 அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கு எழுதின கடிதங்கள்தான் பயம். அதில் லவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்பு, அனலுமில்லை குளிருமில்லை என்பது, எங்கள் சபையைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கும்.

பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். ஒரு பையன் பள்ளி விட்டு வந்து வீட்டில் அம்மாவைக் காணாமல், ஆண்டவர் இரகசியமாக வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகையில் அம்மா போய்விட்டாள், தான் கைவிடப்பட்டேன் என்று லயம் அதிர அழுதான். அவள் விறகு பொறுக்கப் போயிருந்தாள். பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம் என்றுதான் ஆண்டவர் சொன்னார். பிரசவ வேதனை போல என்று நான் சொல்லிக்கொடுப்பேன். வலிக்குப் பிறகு பிள்ளை உண்டல்லவா.

வேலையை நிறுத்தாதீர்கள். ஆண்டவர் வரப்போகிறார் என்று சும்மா திரிந்தவர்களைத்தான், ஆதிச் சபைகளுக்குக் கடிதம் எழுதின பவுல், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கடிந்துகொண்டார். 2018 ஆகஸ்டில் ஆறு பெருகி, முகாமிலிருந்து திரும்பின வாரமே முருங்கை மரத்தடியில் இரண்டு மிளகுக் கொடி நட்டேன். காய்க்க மூன்று வருடம் ஆகும் என்று தெரிந்துதான் நட்டேன்.

பையையும் நோட்டையும் ஜூன் மழைக்கு முன்னால் ஒரு தரம் பாருங்கள். மாத்திரைக்குத் தேதி முடிந்திருக்கும், டார்ச் பேட்டரி கசிந்திருக்கும். நோட்டில் அடிக்காத பெயர் எனக்கு ஒன்று பாக்கி. நாத்தனார்தான். இரண்டாவது தடவை போனபோது கதவு திறக்கவில்லை, உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் கால் கிலோ மிளகை வைத்துவிட்டு வந்தேன். மிளகு வைத்த டப்பா போன வாரம் ஒரு தெரிந்த பையன் கையில் திரும்பி வந்தது, கழுவி, உள்ளே நாலு முறுக்கோடு. வியாழக்கிழமை குமுளி போய்க் கம்பம் பஸ் பிடிக்க வேண்டும்.