சான் மார்க்கோ சதுக்கத்துக்கு அப்பால்: வெனிஸ் நகரை நடந்து பார்க்க ஒரு செய்முறை விளக்கம்

வெனிஸ் நகருக்குச் செல்வோரில் பலர் காலையில் ரயில் நிலையத்தில் இறங்கி, ரியால்டோ பாலத்தையும் சான் மார்க்கோ சதுக்கத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் ரயிலேறித் திரும்பிவிடுகின்றனர். அவ்விரு இடங்களையும் இணைக்கும் குறுகிய சந்துகளில் தேர்த்திருவிழாக் கூட்டம் போல மக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் வேளையில், அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறு திடலில் இரண்டு முதியவர்கள் மட்டும் பெஞ்சில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திடலுக்குச் செல்ல விரும்புவோருக்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். நகரம் தன் சுவர்களிலும் தரையிலும் எழுதிவைத்திருப்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேறு வழிகாட்டி தேவைப்படாது.

படி 1: ஓர் இரவாவது தீவுக்குள் தங்குங்கள்

எதிர்க்கரையில் உள்ள மெஸ்ட்ரேயில் அறை வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வெனிஸின் நல்ல நேரங்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பின்பும் வருகின்றன; எதிர்க்கரையில் தங்குபவர் அவ்விரண்டையுமே இழந்துவிடுகிறார். பகல் பயணிகளிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024இல் தொடங்கியது. முதல் ஆண்டில் அது 5 யூரோவாக இருந்தது. நகரில் இரவு தங்குவோர் அதைச் செலுத்த வேண்டியதில்லை என்றாலும், கட்டண நாட்களில் இணையத்தில் விலக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ரியால்டோவுக்கு அருகே சான் பர்த்தொலோமியோ திடலில் உள்ள ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிச் சன்னலில், நகரின் மக்கள்தொகையைக் காட்டும் எண்பலகை ஒன்று இருக்கிறது. 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த இந்தப் பழைய நகரில் இப்போது 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணிகளின் வாடகைக் குடியிருப்புகளாக மாறியது இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஆகவே, கையில் உள்ள பணம் இடங்கொடுத்தால், முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதைவிடக் குடும்பத்தினர் நடத்தும் சிறு விடுதியில் தங்குவதே முறை என்பது என் கருத்து. எங்கே தங்கினாலும் பெட்டியைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில் ஏறக்குறைய ஒவ்வொரு பாலமும் படிக்கட்டுதான். சக்கரப் பெட்டி அங்கே தலைச்சுமையாகிவிடும்.

படி 2: முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல்முறை சென்றபோது, விடுதியின் முகவரியில் தெருப் பெயரே இல்லாததைக் கண்டு, அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டேன். 'காஸ்டெல்லோ' என்ற சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்றும் மட்டுமே அதில் இருந்தன. 3400 என்ற கதவைக் கண்டதும் இன்னும் சில வீடுகள்தான் என்று நடந்தேன். சந்து ஒரு கால்வாயில் முடிந்தது, அடுத்த எண் தண்ணீருக்கு அப்பால் இருந்தது. அரை மணி நேரம் அலைந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது.

வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: சான் மார்க்கோ, காஸ்டெல்லோ, கன்னரேஜோ, டோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. வீட்டு எண்கள் தெருவாரியாக அல்லாமல் பகுதி முழுவதற்கும் ஒரே தொடராக ஓடுகின்றன. பழைய குடியரசில் 'டோஜே' எனப்பட்ட நகரத் தலைவரின் மாளிகை சான் மார்க்கோ பகுதியின் 1ஆம் எண்; காஸ்டெல்லோவின் எண்களோ ஆறாயிரத்தைத் தாண்டிச் செல்கின்றன. எனவே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. விடுதிக்காரரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சந்தின் பெயர், பக்கத்துத் தேவாலயத்தின் பெயர், அருகிலுள்ள படகு நிறுத்தம். உயரமான சுவர்களுக்கிடையே கைபேசியின் வரைபடம் தடுமாறும்போது இந்த மூன்றும்தான் கைகொடுக்கும்.

படி 3: சுவரில் உள்ள சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சந்து முனைகளில் வெள்ளைச் சுண்ணப் பூச்சின்மேல் கறுப்பு எழுத்துகளில் தெருப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். இவற்றை உள்ளூர் மக்கள் 'நிசியோலெத்தி' என்கின்றனர். சிறிய படுக்கை விரிப்புகள் என்று பொருள். அந்தப் பெயர்களின் முதற்சொல்லே வழியைச் சொல்லிவிடும். 'கால்லே' என்றால் சந்து. 'ஃபோந்தமெந்தா' என்றால் கால்வாயை ஒட்டிச் செல்லும் கரைப்பாதை. அதில் நடப்பவர் சுவரில் முட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. 'சோத்தோபோர்த்தெகோ' என்பது வீட்டின் அடியில் குடைந்து செல்லும் வழி. தனியார் வீட்டுக்குள் நுழைகிறோமோ என்ற தயக்கத்தை அது ஏற்படுத்தும், ஆனால் பெயர் எழுதியிருந்தால் துணிந்து நுழையலாம். 'கோர்த்தே' என்பது பெரும்பாலும் மறுபக்க வழியில்லாத முற்றம். 'ரியோ' என்பது கால்வாய். 'ரியோ தெரா' என்பது மண்ணிட்டு மூடப்பட்ட கால்வாய், அதாவது இன்று நீங்கள் நடக்கும் அகலமான தெருவில் ஒரு காலத்தில் படகு ஓடியது.

'பியாத்சா' என்ற பெயருக்கு உரிய சதுக்கம் பழைய நகரில் சான் மார்க்கோ ஒன்றுதான். மற்ற திடல்கள் யாவும் 'காம்போ', அதாவது வயல். முற்காலத்தில் அவை உண்மையிலேயே புல்வெளிகளாகவும் தோட்டங்களாகவும் இருந்து, பின்னரே கல் பாவப்பட்டன.

ரியால்டோவுக்கும் சான் மார்க்கோவுக்கும் ரயில் நிலையத்துக்கும் வழிகாட்டும் மஞ்சள் பலகைகளை எங்கும் காண்பீர்கள். அவற்றை நான் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன்: பலகை வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் திரும்புவேன். வழி தவறிவிட்டதாகத் தோன்றும்போது பலகையின் சொற்படி நடந்தால் போதும், கூட்டத்துக்குத் திரும்பிவிடலாம்.

படி 4: ஒரு திடலில் அமர்ந்து கிணற்றைப் பாருங்கள்

அவசரப்படுவோர் கடந்துசெல்லும் இந்த இடத்தில்தான் நகரத்தின் உயிர்நாடி இருக்கிறது. காம்போவின் நடுவே, செதுக்கு வேலைப்பாடு கொண்ட கல் வாய் ஒன்று இரும்பு மூடியுடன் நிற்கும். சுற்றியிருப்பதெல்லாம் உப்புநீர் என்பதால், தோண்டி நன்னீர் எடுக்கும் வாய்ப்பு வெனிஸுக்கு இருக்கவில்லை. ஆகவே மக்கள் மழையைச் சேமித்தார்கள். திடலின் அடியில் பெரிய குழி தோண்டி, உப்புநீர் கசியாதபடி அதன் பக்கங்களில் களிமண்ணை அப்பி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல் உறை ஒன்றை இறக்கினார்கள். திடலில் விழும் மழைநீர் மணலினூடே வடிகட்டப்பட்டு அந்த உறைக்குள் ஊறி வரும்.

இதை நேரில் சரிபார்க்கலாம். கிணற்று வாயிலிருந்து சில அடிகள் தள்ளி, பெரும்பாலும் நான்கு திசைகளில், துளையிட்ட வெள்ளைக் கற்கள் தரையில் பதிக்கப்பட்டிருக்கும். திடலின் தரை அவற்றை நோக்கிச் சற்றே சரிந்திருப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். கோடையில் கொஞ்சம் குடிநீரை ஊற்றி நான் சோதித்தேன், அது தயங்காமல் துளையை நோக்கி ஓடியது. 1884இல் எதிர்க்கரையிலிருந்து குழாய்நீர் வந்த பிறகு கிணறுகள் மூடப்பட்டன. இன்று திடல்களில் உள்ள குழாய்களில் வருவது நல்ல குடிநீர்; காலிப் பாட்டில் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

படி 5: காலையில் சந்தைக்குச் செல்லுங்கள்

ரியால்டோ பாலத்தில் நின்று படம் எடுப்பவர்களுள் பலர், அதற்குச் சற்று அப்பால் உள்ள சந்தைக்கு வருவதில்லை. மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை காலையில் மட்டும் நடக்கும். ஞாயிறும் திங்களும் விடுமுறை. அங்குள்ள சுவரில் ஒரு பளிங்குப் பலகையைத் தேடுங்கள். எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்ற பழைய விதி, வெனிஸ் வட்டார மொழியில் அதில் செதுக்கப்பட்டுள்ளது: மத்திக்கு 7 சென்டிமீட்டர், விலாங்குக்கு 25, ஆளிச் சிப்பிக்கு 5. டோர்சோதூரோவில் சாந்தா மார்கெரிதா திடலிலும் இதே போன்ற பலகை உண்டு. குஞ்சு மீனைப் பிடித்தால் கடல் வறண்டுவிடும் என்பதைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது.

காய்கறிக் கடைகளில் கூனைப்பூவின் (ஆர்ட்டிசோக்) இதழ்களையெல்லாம் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் வட்ட வில்லையாக வெட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவதைப் பார்க்கலாம். வியாபாரியின் கை ஓடும் வேகத்தில் கண் நிற்காது.

பாலத்தைக் கடந்து மறுகரைக்கு வந்தால், சான் ஜொவான்னி கிரிசோஸ்தொமோ தேவாலயத்துக்குப் பின்புறம் 'மிலியோன்' என்ற பெயருள்ள முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த பகுதி அது. பாண்டியரின் காயல் துறைமுகத்தையும் அங்கு முத்துக் குளிப்பதையும் தன் பயண விவரத்தில் சொன்னவர் என்பதால், தமிழர்களுக்கு அந்தச் சிறிய முற்றத்தில் நிற்க ஒரு கூடுதல் காரணம் உண்டு.

படி 6: படகுகளை உள்ளூர்க்காரர்போலப் பயன்படுத்துங்கள்

அரை மணி நேர கோந்தோலா சவாரிக்குப் பகலில் அதிகாரபூர்வக் கட்டணமே 90 யூரோ. அதே வகைப் படகில் 2 யூரோவுக்கு ஏறவும் வழியுண்டு. பெருங்கால்வாயின் மேல் நான்கு பாலங்களே இருப்பதால், பாலம் இல்லாத இடங்களில் 'திரகெத்தோ' எனப்படும் கடத்துப்படகு ஓடுகிறது. சாந்தா சோஃபியா துறையிலிருந்து மீன் சந்தைக்குச் செல்லும் படகை முதலில் முயன்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே செல்வார்கள். பழக்கமில்லாதவர் உட்காருவதில் வெட்கமில்லை.

'வப்போரெத்தோ' என்னும் பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ என்பதால், ஒரு நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தால் நாள் சீட்டே லாபம். சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. ஏறுமுன் நிறுத்தத்தில் உள்ள இயந்திரத்தில் அதைத் தொட்டுப் பதிவுசெய்ய வேண்டும், மறந்தால் அபராதம். முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள்.

படி 7: நின்றுகொண்டு சாப்பிடுங்கள்

படங்கள் அச்சிட்ட உணவுப் பட்டியலுடன் வாசலில் நின்று அழைக்கும் கடைகளைத் தவிர்த்துவிட்டு, 'பாக்காரோ' எனப்படும் சிறு கடைகளைத் தேடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 'சிக்கெத்தி' எனும் சிறு தின்பண்டங்கள் வரிசையாக இருக்கும். விரலால் காட்டி இரண்டு மூன்று வாங்கி, முகப்பிலேயே நின்று உண்பது வழக்கம். பொரித்த மத்தியை வெங்காயம், வினிகர், உலர்திராட்சையுடன் ஊறவைக்கும் 'சர்தே இன் சாஓர்' நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். சைவ உணவினர் 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்று சொன்னால், இறைச்சியும் மீனும் இல்லாதவற்றை எடுத்துக் காட்டுவார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லுங்கள். 'ச்சாவோ' என்பது நெருங்கியவர்களுக்கானது. உங்கள் அடிமை என்று பொருள்படும் வெனிஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நம் 'அடியேன்' இன்னும் சில நூற்றாண்டுகள் புழங்கித் தேய்ந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று எண்ணிக்கொள்வேன்.

படி 8: கிழக்கு நோக்கி ஒரு நீண்ட நடை

பிற்பகலில் காஸ்டெல்லோவின் கிழக்குக் கோடிக்கு நடந்துசெல்லுங்கள். வழியில் பழைய கப்பல் கட்டுந்தளமான அர்செனாலேயின் வாயிலில் கல் சிங்கங்கள் நிற்கும். 1687இல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய சிங்கத்தின் தோளில், ஸ்காண்டிநேவியக் கூலிப்படையினர் கீறிவிட்டுப் போன, ரூனிக் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துகளின் தடயம் மங்கலாகத் தெரியும். அப்பால் உள்ள கரிபால்தி தெருவும் மூடப்பட்ட கால்வாய்தான். மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். அதன் முடிவில் பாலம் கடந்தால் சான் பியெத்ரோ தேவாலயமும் அதன் சாய்ந்த மணிக்கோபுரமும் புல்தரையில் நிற்கின்றன. 1807 வரை நகரின் தலைமைப் பேராலயம் இதுவே. சான் மார்க்கோ தேவாலயம் முன்பு நகரத் தலைவரின் சொந்த வழிபாட்டிடமாக இருந்தது என்பது பலருக்கும் தெரியாது.

இன்னொரு நாள் கன்னரேஜோவில் உள்ள கெத்தோவைப் பாருங்கள். 1516இல் யூதர்களை இந்தத் தீவுத் திட்டில் அடைத்து இரவில் கதவுகளைப் பூட்டினார்கள். 1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகே கதவுகள் அகற்றப்பட்டன. மக்கள் பெருகியும் பரப்பு பெருகாததால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. ஒரு கட்டடத்தின் சன்னல் வரிசைகளை எண்ணி, பக்கத்துப் பகுதியில் அதே உயரமுள்ள கட்டடத்தின் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் கூரையும் எவ்வளவு தாழ்வாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

படி 9: ஒரு காய்கறித் தீவுக்குச் செல்லுங்கள்

முரானோ, புரானோ தீவுகள் அழகானவை, ஆனால் கூட்டம் அங்கும் வந்துவிடும். ஃபோந்தமெந்தே நோவே துறையிலிருந்து 13ஆம் எண் படகில் சாந்த் எராஸ்மோ தீவுக்குச் சென்றால், சந்தையில் பார்த்த கூனைப்பூ விளையும் வயல்களையே காணலாம். ஏப்ரல் இறுதியையொட்டி, ஒவ்வொரு செடியின் முதல் மொட்டையும் வெட்டி 'காஸ்த்ராவுரே' என்ற பெயரில் விற்பார்கள். செடிக்கு ஒன்றுதான் என்பதால் விலை அதிகம். தீவில் கடைகள் மிகக் குறைவு, நிழலும் குறைவு. தண்ணீரும் உணவும் எடுத்துச் செல்லுங்கள். இறங்கியவுடன் நிறுத்தத்தில் ஒட்டப்பட்டுள்ள கால அட்டவணையில் திரும்பும் படகுகளின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும்.