மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா? வினிகர் விட்டுப் பாருங்கள்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் மழை ஆண்டுக்கு 200 மி.மீ. கூடத் தேறாது. அந்தக் கொஞ்ச நீரால் மண்ணிலுள்ள சுண்ணாம்பை வெகு ஆழத்துக்கு இறக்க முடியாது. ஈரம் நிற்கிற இடத்திலேயே அது படிந்து, வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் ஆகிவிடும்.

அதனால் மேய்ச்சலுக்குச் சேவண் புல் விதைக்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு பிடி மண் எடுத்து, முதலில் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் வெறும் காற்றே குமிழியாக வந்து ஏமாற்றிவிடும். அப்புறம் வினிகர் சில சொட்டு. 'சுர்'ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு நிறையவே இருக்கிறது.

இத்தகைய மண்ணின் காரத்தன்மை பெரும்பாலும் பி.எச். 7.5 முதல் 8.5 வரை இருக்கும். அதற்கு மேல் போனால் சோடியம் உப்பைச் சந்தேகியுங்கள்.

நுரைக்கும் மண்ணில் யூரியாவை மேலாகத் தூவாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மணிச்சத்தையும் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இளந்தளிர் மஞ்சளித்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். சுக்கான் அடுக்கு மேலாகவே தட்டுப்பட்டால் அங்கே மரக்கன்று வேண்டாம், வேர் இறங்காது.