டேட்டாபேஸ் இல்லாமல் மரவடிவத் தரவு: மண்டபம் மீன்வரத்தை வைத்துப் பைத்தானில்

கடல், இறங்குதளம், மீன் என்று மூன்று அடுக்காக ஒருநாள் மீன்வரத்தைக் கூட்டிப் பார்க்க டேட்டாபேஸ் தேவையில்லை. சில ஆயிரம் வரிகளுக்குக் கணினியின் நினைவகமே தாராளம்.

முதலில் ஒன்று: தரவைத் தேடியெடுக்கும் சாவியாக (கீ) பெயரை வைக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் மீன் இறங்குகிறது. டிக்‌ஷனரியில் இரண்டையும் "மண்டபம்" என்றே போட்டால் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும், பைத்தான் எச்சரிக்காது. தொண்டி என்ற ஊர்ப்பெயரில் வேறு சிக்கல். ‘தொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், அதன் தாயின் (மேல் அடுக்கில் அது சேரும் வரியின்) எண், பெயர், எடை (கிலோ, மாதிரிக்கு):

வரிகள் = [
  (1, 0, "பாக் விரிகுடா", 0),
  (2, 0, "மன்னார் வளைகுடா", 0),
  (3, 1, "மண்டபம்", 0),
  (4, 2, "மண்டபம்", 0),
  (5, 3, "நண்டு", 40),
  (6, 3, "இறால்", 25),
  (7, 4, "கணவாய்", 30),
]

பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும். மரத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு முனை. இரண்டு கடலுக்கும் தாயான உச்சி முனையை (எண் 0) முதலில் வைத்துவிடுங்கள்:

முனைகள் = {0: {"பெயர்": "கடலோரம்", "எடை": 0, "பிள்ளைகள்": []}}

இனி வரிகளின் மேல் ஃபார் லூப், இரண்டு தடவை. ஒவ்வொரு வரியையும் எண், தாய், பெயர், எடை எனப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் முனைகளை உருவாக்குவது மட்டும்:

முனைகள்[எண்] = {"பெயர்": பெயர், "எடை": எடை, "பிள்ளைகள்": []}

இரண்டாம் சுற்றில் இணைப்பு:

முனைகள்[தாய்]["பிள்ளைகள்"] += [முனைகள்[எண்]]

ஒரே சுற்றில் முடிக்கப் பார்த்தால், பிள்ளையின் வரி தாயின் வரிக்கு முன்னால் வரும்போது கீ-எரர் (அந்தச் சாவி இல்லை என்ற பிழை) வரும். வெற்றுப் பட்டியலை லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி எல்லா முனைக்கும் கொடுத்தாலும் கெட்டது: அத்தனை முனையும் அந்த ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும்.

கூட்டலுக்குத் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் போதும்: முனையின் எடை, அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே ஃபங்ஷன் தரும் விடை. முனை 1-க்கு 65, முனை 2-க்கு 30, உச்சிக்கு 95 வரவேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய பிழை சத்தமில்லாதது. நண்டு வரியில் தாய் எண்ணை 3-க்குப் பதில் 5 என்று அடித்துவிட்டால் அந்த முனை தனக்குத்தானே பிள்ளையாகி மரத்தைவிட்டுக் கழன்றுவிடும். பிழைச் செய்தி வராது. உச்சியில் 55 மட்டும் காட்டும். அதனால் உச்சியிலிருந்து நடந்துபோய் எத்தனை முனை எட்டுகிறது என்று எண்ணுங்கள். வரிகள் ஏழு, உச்சி ஒன்று, ஆக 8. குறைந்தால் ஏதோ ஒரு தாய் எண் தவறு.

நிரலை மூடினால் எல்லாம் போய்விடும். மரத்தைச் சேமிக்க வேண்டாம். வரிகளை மட்டும் ஜேசான் (JSON) கோப்பில் எழுதினால் போதும், மரத்தை மறுபடி கட்டிக்கொள்ளலாம். எழுதும்போது ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ அமைப்பை அணைத்து (ensure_ascii=False), கோப்பை யூடிஎஃப்-8 எனத் திறவுங்கள் (encoding="utf-8"). அமைப்பை அணைக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் குறியீட்டு எண்களாகப் பதிவாகும். நிரலுக்குப் புரியும், கோப்பைத் திறந்து வாசிக்க முடியாது.