பெட்ரோல் பங்க் பில் வெளுப்பதற்குள் ஒரு நகல்

பெட்ரோல் பங்க், கூரியர், சூப்பர் மார்க்கெட் பில்களை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். கடைக்குப் போக நேரமில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்து, 2025-06-14-கூரியர்-180 என்று ஆண்டை முன்னால் போட்டுப் பெயர் கொடுங்கள். கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

இந்த பில்களில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயில், எண்ணெய்க் கை, சில வகை பிளாஸ்டிக் உறை என எது பட்டாலும் அது மங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களோ, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கும் ஆவணமும் வைத்திருக்க வேண்டும். அதுவரை இந்தத் தாள் தாங்கும் என்று நம்பாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்வது இன்னும் மோசம்: அந்தச் சூட்டிலேயே முழுத் தாளும் கறுத்துப்போகலாம்!

எல்லா பில்லுக்கும் இந்த வேலை வேண்டாம். ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மட்டுமே நகல் தேவை. டாட் மேட்ரிக்ஸ், லேசர் பிரிண்டரில் அடித்தவை, கார்பன் வைத்துக் கையால் எழுதியவை ஆகியவற்றை அப்படியே கோப்பில் போடலாம். மின்னஞ்சலில் வரும் பில்லை அச்செடுக்கக்கூட வேண்டாம், அதே பெயர் முறையில் சேமித்தால் போதும்.