வெள்ளாமைக் காசு கைக்கு வந்தா அத நிம்மதியா மாத்துறது எப்படி

மாசி பங்குனி வந்தா இலங்கையில மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற எங்கட படுவான்கரைப் பக்கம் எல்லார்ட கையிலயும் ஒரே நேரத்தில காசு நிக்கும், அதுவும் ரெண்டு மூண்டு கிழமைக்குத்தான். பெரும்போகம் வெட்டி, வெட்டு மெசினுக்கு, உரக்கடைக்கு, உழவு மெசின்காரருக்கு எண்டு பிரிச்சுக் குடுத்து மிஞ்சிற காசு. அத எப்பிடிச் செலவழிச்சா வீட்டில இரிக்கிற மனுசருக்கு மனசு லேசாகும் எண்டு நாங்க நாலஞ்சு போகமா பிழை விட்டுப் பிழை விட்டுப் படிச்சதத்தான் எழுதுறன். கத்தார்ல இருந்து வாற காசுக்கும், சீட்டுக் காசுக்கும் இதே கதைதான்.

காசு வந்தா சந்தோசம் வருமா எண்டு கேட்டா வரும், நான் ஒளிக்காமச் சொல்லுறன். "காசில என்ன இரிக்கு" எண்டு சொல்லுறவங்க ஒரு நாளும் கடைக்காரர் கடன் கொப்பிய விரிச்சு வச்சுப் பாக்கைக்குள்ள அதுக்கு முன்னால நிண்டிருக்க மாட்டாங்க. ஆனா அந்தச் சந்தோசம் முதல்ல வாறது புதுசா ஒண்டு வாங்கிறதால இல்ல, நித்திரையக் கெடுத்துக்கொண்டு கிடக்கிற ஒண்டு வீட்ட விட்டுப் போறதாலதான்.

அதால காசு வர முதலே ஒரு வேலை செய்யுங்க. ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்க. ஒரு கிழமைக்கு, இரவில முழிப்பு வந்தா எதை நினைச்சு வந்தது, வீட்டில சண்டை வந்தா எதால வந்தது எண்டு மட்டும் எழுதுங்க. வாங்க ஆசைப்படுற சாமான் ஒண்டும் எழுத வேணாம். புருசன் பெண்சாதி தனித்தனியா எழுதினா இன்னும் நல்லம், ஏனெண்டா நான் எழுதினதில லீசிங் தவணை நாலு தரம் கிடந்தது, என்ட மனுசி எழுதினதில லீசிங் இல்லவே இல்ல, கிணத்தில தண்ணி அள்ளுறது அஞ்சு தரம் கிடந்தது, ஒரே வீட்டில இருந்துகொண்டு எனக்கு அது தெரியாமப் போச்சு.

இதை முதலே செய்யச் சொல்லுறதுக்குக் காரணம் இரிக்கு. 2013ல வந்த ஒரு ஆராய்ச்சியில தமிழ்நாட்டில விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகள அறுவடைக்கு முதல் ஒருக்கா, அறுவடைக்குப் பிறகு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் மூளைக்கு வேலை குடுக்கிற சோதினை வச்சுப் பாத்தாங்க. அதே மனுசன்தான், ஆனா காசு முட்டுப்பட்ட நேரம் அவர்ட புள்ளி குறைவு, அறுவடைக் காசு வந்தாப் பிறகு கூட. வாசிச்சதும் எனக்கு அப்பாட முகம்தான் வந்தது. மார்கழி மாசம் கையில சல்லி இல்லாத நேரத்தில ஒரு கடன் பேப்பர்ல வாசிக்காமச் சைன் வச்சார், வட்டி எத்தின எண்டு கேட்கவும் இல்ல. நாங்க எல்லாரும் அவர ஏசினம். அவர் மடையன் இல்ல, அந்த மாசம் அவர்ட தலைக்குள்ள வேற எதுக்கும் இடம் இருக்கல்ல. அதால இறுக்கமான மாசத்தில பெரிய முடிவு ஒண்டும் எடுக்காதீங்க. வயல ஈடு வைக்கிறதோ, நெல்ல முன்விலைக்குப் பேசுறதோ, தவணைக்குச் சாமான் எடுக்கிறதோ, எடுத்தே ஆகணும் எண்டா தலை சும்மா இரிக்கிற ஒராளக் கூட்டிக்கொண்டு போங்க.

காசு வந்த அண்டைக்கு முதல்ல கடன். எல்லாக் கடனும் ஒரே மாதிரி இல்ல. ஊருக்குள்ள மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு ஒரு லட்சம் எடுத்திருந்தா மாசம் 5,000, வருசத்துக்கு 60,000 போகும், முதல் அப்பிடியே கிடக்கும். அதத்தான் முதல்ல முடிக்கணும். அடுத்தது, ஆரக் கண்டா நீங்க ரோட்ட மாறிப் போறீங்களோ அந்த ஆள்ட கடன், தொகை சின்னனா இருந்தாலும் பரவால்ல. நுண்கடன் எடுத்த பொம்பிளைகள் கிழமைக்கு ஒருக்கா கட்டுற நாளுக்கு முதல் நாள் எப்பிடி இருப்பாங்க எண்டு எங்கட ஊர்ல கண்டவங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. பிறகு ஈட்டில கிடக்கிற நகை.

போன வருசம் அம்மாட சங்கிலிய மூட்டப் போனம். மூண்டு வருசமா ஈட்டில கிடந்தது, ஈட்டுத் துண்ட பிஸ்கட் டின்னுக்குள்ள மடிச்சு வச்சு வச்சு மடிப்பு கிழிஞ்சு போச்சு. சங்கிலிய நிறுத்துக் குடுத்ததும் அம்மா கழுத்தில போடல்ல, சீலைத் தலைப்பில முடிஞ்சு, களுவாஞ்சிக்குடியில இருந்து குருமண்வெளிக்கு வந்து, பாதை எண்டு நாங்க சொல்லுற மிதவையில ஏறி வாவி கடந்து மண்டூர் வாறவரைக்கும் அந்த முடிச்சில கை வச்சபடியே இருந்தா. ஒரு கதையும் இல்ல. அண்டைக்கு எட்டு மணிக்கெல்லாம் படுத்திட்டா. காலையில "மனே, நல்ல நித்திரை" எண்டா. அந்தக் காசுக்கு வேற எதை வாங்கியிருந்தாலும் அந்தச் சொல்லு வந்திரிக்காது.

கடனுக்குப் பிறகு ஒரு மாசச் செலவு தனியா, கார்ட் போட்டு எடுக்க ஏலாத பேங்க் புத்தகத்தில போடுங்க. கார்த்திகை மார்கழியில வெள்ளம் வாறது எங்களுக்குப் புதுசில்ல. 2022 செப்டம்பர்ல நாட்டில விலைவாசி ஒரு வருசத்துக்குள்ள கிட்டத்தட்ட 70 வீதம் கூடின நேரம் கையில கொஞ்சம் வச்சிருந்தவங்க மா, பருப்பு, மருந்தயாவது நேரத்துக்கு வாங்கினாங்க.

எவ்வளவு காசு காணும் எண்டு கேட்பீங்க. அமெரிக்காவில 2010ல டானியல் கானமன், அங்கஸ் டீட்டன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் வருசம் 75,000 டொலருக்கு மேல அன்றாட மனநிலை பெரிசா கூடல்ல எண்டு எழுதினாங்க. 2021ல மெத்யூ கில்லிங்ஸ்வேர்த் 33,391 பேர்ட்ட போன்ல அப்பப்ப "இப்ப எப்பிடி இரிக்கு" எண்டு கேட்டு, இல்ல, கூடிக்கொண்டுதான் போகுது எண்டார். 2023ல கானமனும் அவரும் சேந்து கணக்கத் திருப்பிப் பாத்தா, கனபேருக்குச் சந்தோசம் கூடிக்கொண்டு போகுது, ஆனா மனசு ஆக நொந்துபோன ஒரு பங்கு ஆக்களுக்கு ஒரு அளவுக்கு மேல காசு உதவல்ல. அந்த டொலர்க் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியது வேற ஒண்டு, 30,000த்த 60,000 ஆக்கினா மனசில வாற வித்தியாசமும் மூண்டு லட்சத்த ஆறு லட்சம் ஆக்கினா மனசில வாற வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அப்ப குறைவா உழைக்கிற வீட்டில ஒரு பத்தாயிரம் எவ்வளவு பாரமான காசு எண்டு பாருங்க, அத கண்டபடி விடேலாது.

அந்த நொந்துபோன பங்கு எண்டத வாசிக்கைக்குள்ள எனக்கு எங்கட கரையோரத்து ஆக்கள்தான் ஞாபகம், சுனாமியில பிள்ளையக் குடுத்தவங்க, சண்டையில காணாமப் போன மகன இன்னும் பாத்துக்கொண்டிரிக்கிற தாய்மார். அவங்கட கையில காசக் குடுத்திட்டு இனிச் சந்தோசமா இரிங்க எண்டு சொல்லுறது சரியில்ல. பக்கத்தில போய் இருங்க. ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க. 1926 எண்ட அரசாங்க இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.

அடுத்தது நேரத்த வாங்குங்க. கனடாவில வன்கூவர்ல 60 பேருக்கு ஒரு வார இறுதிக்கு 40 டொலர் குடுத்து நேரம் மிச்சமாகிற மாதிரி செலவழிக்கச் சொன்னாங்க, இன்னொரு வார இறுதிக்கு 40 டொலர் குடுத்து சாமான் வாங்கச் சொன்னாங்க, நேரம் வாங்கின அண்டுதான் கூட நல்லா இருந்தாங்க. எங்கட வீட்டில அது கிணத்து மோட்டர். மனுசிக்கு காலையில முக்கால் மணித்தியாலம் மிஞ்சிச்சு, அவ இப்ப அந்த நேரத்தில திண்ணையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறா, நானும் பக்கத்தில இருக்கிறன்.

ஆருக்காவது குடுங்க, கொஞ்சமா எண்டாலும் கண்ணால பாக்கிற மாதிரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைட டியூசன் காச நேரா கொண்டுபோய்க் கட்டுற மாதிரி.

கடைசியா வீடு. எங்கட பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுக்கணும், அதுக்காக அண்ணன் தம்பிமார் பாலைவனத்தில பத்து வருசம் கிடக்கிறாங்க, எனக்கு அந்தப் பொடியன்மார நினைச்சா நெஞ்சு நோகும். வீடு வேணும், ஆனா எத்தின சதுர அடி எண்டத அடுத்த வளவுக்காரன்ட மாடி தீர்மானிக்கக் கூடாது. அவன் மேல்மாடி எழுப்பினா நீங்களும் கம்பிய விட்டுவச்சு மேல பாத்துக்கொண்டு நிப்பீங்க, கீழ இன்னும் பூச்சுப் பூசி இரிக்காது. ஒரு அறை, குசினி, கக்கூசு, இந்த மூண்டையும் கதவு போட்டு முடிச்சிட்டுக் குடி போங்க. மிச்சத்த அடுத்தடுத்த போகத்துக்குப் பாப்பம் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு முதலே சொல்லிடுங்க.

மூண்டு மாசம் கழிச்சு அந்தக் கொப்பிய எடுத்து, செலவழிச்ச ஒவ்வொண்டுக்கும் நேர, இப்பயும் நல்லா இரிக்கா எண்டு வீட்டில எல்லார்ட்டயும் கேட்டு ஒரு சரி போடுங்க, இல்லாட்டி வெட்டுங்க. எங்கட கொப்பியில சங்கிலிக்குச் சரி, மோட்டருக்கு ரெண்டு சரி, பெரிய டீவிக்கு மகன் மட்டும் ஒரு சரி போட்டிருக்கான்.