ஒரு நாளை மட்டும் மாற்றித் தேசப்படம் வரைவது எப்படி: திருகோணமலையை வைத்து ஒரு வழிகாட்டி

நடந்த வரலாற்றில் ஒரு நிகழ்வு மட்டும் வேறு விதமாக முடிந்திருந்தால் அரசுகளின் எல்லைகள் எங்கே போயிருக்கும் என்று ஆராய்ந்து வரையப்படுவதே மாற்று வரலாற்றுத் தேசப்படம். இதைப் பழகுவதற்குத் திருகோணமலையை விடப் பொருத்தமான ஊரை நான் அறியேன். 1620இல் டேனியர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கிவிட்டு, அதே ஆண்டில் கடலைத் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போனார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை குடாவுக்குள் வந்து, அதே ஆண்டில் ஒல்லாந்தரால் விரட்டப்பட்டது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே கோட்டை இரண்டு முறை கைமாறியது. இத்தனை திருப்பங்களில் எதைப் பிடித்துத் திருப்பினாலும் ஒரு புதிய படம் கிடைக்கும் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் தொடக்கத்தில் நம்மைக் கெடுக்கிறது.

முதலில் நிறப்பெட்டியை மூடி வையுங்கள். எந்த நாட்டுக்கு எந்த நிறம் என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற காரணத்தைப் பின்னால் தேடுபவர்களுடைய படம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஒரு கேள்விக்குக்கூட நின்றுபிடிக்காது. என்னுடைய முதற் படமும் அப்படிப்பட்டதுதான். 1782இல் பிரெஞ்சுக்காரர் திருகோணமலையை விடாமல் வைத்திருந்தால் என்ற கற்பனையில், கொக்கிளாயிலிருந்து குமண வரைக்கும் கிழக்குக் கரை முழுவதற்கும் நீலம் தீட்டி, பக்கத்து வீட்டு ஐயாவிடம் காட்டினேன். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போன மனிதர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நீண்ட நேரம் பார்த்தார், பிறகு கோட்டை இருக்கும் இடத்தில் சுட்டுவிரலை வைத்து, "இதுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு அரிசி எந்தப் பக்கத்தால வாறது தம்பி?" என்று கேட்டார். விரல் மெல்ல மேற்கே நகர்ந்து தம்பலகாமத்தில் நின்றது. அங்கேயும் நான் நீலம்தான் தீட்டியிருந்தேன். அந்த வயல்களை யார் ஆண்டார்கள், அவர்கள் யாருக்கு நெல் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட நான் படித்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றப்போகும் நாள் மனிதர்களுடைய முடிவால் அமைந்த நாளாகவும், இரு பக்கமும் சாயக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 1782 சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். ஓகத்து இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் படைகளை இறக்கி, அந்த மாதம் முடிவதற்குள் அங்கிருந்த இரு கோட்டைகளையும் சரணடையச் செய்தார். ஆங்கிலேயத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் திகதி தம் கப்பல்களுடன் வந்துசேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது; மறுநாள் நடந்த கடற்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சில நாட்கள் முந்தியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்பதால், இந்த வாரம் எவரையும் ஈர்க்கும். ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது போர் நடந்த நாளை அல்ல. அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்த சமாதானப் பேச்சை. 1783இலும் 1784இலும் எழுதப்பட்ட உடன்படிக்கைகளின்படி திருகோணமலை ஒல்லாந்தருக்குத் திரும்பிற்று. ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த நாகபட்டினத்தை ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். போர்க்களத்தில் வென்றவர்கள் மேசையில் அதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதால், மாற்றுவதற்குரிய இடம் மேசைதான். ஆகவே நம் கற்பனை இதுவாகட்டும்: பிரான்சு திருகோணமலையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறது.

மாற்றத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். ஒல்லாந்தர் அந்தப் போரில் பிரான்சின் பக்கம் நின்றவர்கள். 1785இல் இரு நாடுகளும் நட்புறவு உடன்படிக்கையும் செய்துகொண்டன. தோழனுடைய துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்ட பிரான்சுக்கு அந்த உடன்படிக்கை எளிதில் கிடைத்திருக்காது. எனவே படத்தில் திருகோணமலைக்கு நீலம் தீட்டும்போது, கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய ஒல்லாந்தக் கோட்டைகள் இனிப் பிரான்சுக்கு நட்பானவை அல்ல என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். விலை எழுதப்படாத மாற்றம் ஆசையாகவே நின்றுவிடும்.

இனி அடிப்படைத் தாள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்டத் தாள்கள் கிடைத்தால் அவற்றின் மேல் ட்ரேசிங் தாளை விரித்து, கரையோரத்தையும் ஆறுகளையும் குளங்களையும் மட்டும் படியெடுங்கள். கணினியில் வேலை செய்பவர்கள் கியூஜிஐஎஸ் என்ற தேசப்பட மென்பொருளில் கரைக்கு ஒரு அடுக்கு, நீருக்கு ஒரு அடுக்கு, பாதைகளுக்கு ஒரு அடுக்கு, ஆட்சிக்கு ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டால், ஆண்டு மாறும்போது ஆட்சி அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். இன்றைய தாளில் இருக்கும் எல்லாவற்றையும் நகலெடுக்கக் கூடாது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் நம்மவர்கள் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் அந்த நீரைக் கடந்தார்கள். கிழக்கு மாகாணம் என்ற எல்லை 1833இல் பிறந்தது. அதற்கு முந்திய ஒரு படத்தில் அந்த எல்லை தெரிந்தால், அதை வரைந்தவர் இன்றைய சிந்தனையிலிருந்து வெளியே வரவில்லை என்பது உடனே புரிந்துவிடும். திருகோணமலைக் கோட்டைக்கு இன்று வழங்கும் பிரடெரிக் கோட்டை என்ற பெயரும் அத்தகையதே. அது 1803இல் ஆங்கிலேயர் இட்ட பெயர். 1790ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் திருகோணமலையில் அதற்கு இடமில்லை.

அடுத்து வருவதுதான் அதிக நேரம் எடுக்க வேண்டிய வேலை: ஆட்சி எவ்வளவு தூரம் எட்டியது என்று அளப்பது. அக்காலத்தில் எல்லை என்பது வேலி போட்டதுபோல் ஒரு கோடாக இருக்கவில்லை. கோட்டைக்குள் இருந்தவர் பீரங்கி எட்டும் தூரத்துக்கு உறுதியாக ஆண்டார். அதற்கு அப்பால் கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று ஆகிய ஆட்சிப் பிரிவுகளில் வன்னிபங்கள் என்ற உள்ளூர்த் தலைவர்கள் இருந்தார்கள், அவர்கள் வலியவருக்குத் திறை கொடுத்தும் கொடுக்காமலும் காலம் ஓட்டினார்கள். மலைக்கு அப்பால் கண்டி அரசு இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியது என்று எழுதப்பட்டது, ஆனால் அந்த எழுத்தைக் கண்டி அரசவை மனதார ஏற்கவே இல்லை. ஆகவே ஒரே நிறத்தை மூன்று விதமாகப் பயன்படுத்துங்கள்: கோட்டையைச் சுற்றி முழு நிறம், திறை வாங்கிய பற்றுகளுக்குச் சாய்கோடுகள், தாளில் மட்டும் உரிமை கொண்டாடிய இடங்களுக்குப் புள்ளிக்கோடு. ஐயாவின் விரல் நின்ற தம்பலகாமம் இப்போது சாய்கோடாக மாறும். அந்தச் சாய்கோட்டுக்கு எதிரே, வயலில் விளைந்த நெல் கோட்டைக்கு வருவதற்கு வன்னிபத்தின் சம்மதம் தேவை என்று ஒரு வரி எழுதினால், படத்துக்கு உயிர் வந்துவிடும்.

காற்றையும் மறக்க வேண்டாம். ஐப்பசி தொடங்கி வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பற்படை நங்கூரமிட்டு நிற்க முடியாது. சென்னையிலும் கடலூரிலும் மறைப்பான துறைமுகம் இல்லை. அந்தக் கரைக்கு அருகே எல்லாக் காலத்திலும் கப்பல் நிற்கக்கூடிய குடா திருகோணமலையில்தான் இருந்தது, இந்த ஊருக்காக இத்தனை நாடுகள் சண்டையிட்டதற்குக் காரணம் அதுவே. 1782இல் அதை இழந்த ஹியூஸ், மாரிக்குப் பம்பாய் வரைக்கும் போக நேர்ந்தது. ஆனால் அதை வென்ற சஃப்ரெனும் அந்த மாரியைத் திருகோணமலையில் கழிக்கவில்லை. சுமாத்திராவின் அச்சே துறைக்குப் போனார். குடா காற்றை மறைக்கும், ஆனால் கப்பலில் இருப்பவர்களுக்குச் சோறு போடாது என்பதை இந்த ஒரு செய்தியிலிருந்து நான் கற்றேன். படத்தின் ஓரத்தில் வாடைக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானுக்கும் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் கப்பல் போகும் என்று எழுதி வைத்தால், பாதித் தவறுகள் தாமாகவே கண்ணில் படும்.

இப்போது ஆண்டுகளை முன்னே நகர்த்துங்கள். இருநூறு ஆண்டுகளை ஒரே தாவலில் கடக்காமல், பத்துப் பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு தாள் வரைய வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் நடந்த வரலாற்றிலிருந்தே ஒரு சாட்சியைத் தேட வேண்டும். நம் கற்பனைக்குப் பிறகு 1793இல் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூள்கிறது, இதைத் தடுக்கும் வலு நம்முடைய சிறிய மாற்றத்துக்கு இல்லை. அந்த ஆண்டு ஓகத்தில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தனர். பிரெஞ்சுத் திருகோணமலையும் அதிக காலம் தப்பியிருக்காது. உண்மையில் ஒல்லாந்தத் திருகோணமலை அவர்களிடம் வீழ்ந்தது 1795இல். அப்படியானால் நீலம் நின்ற காலம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்தான். பலருக்கு இந்த இடத்தில் ஏமாற்றம் வரும். பேரரசு ஒன்றை எழுப்ப வந்தவர்களுக்குப் பத்து ஆண்டுகள் போதாது. நான் இந்தப் பத்து ஆண்டுகளையே விரும்புகிறேன். ஆராய்ச்சி தந்த விடையை ஆசைக்காக மாற்றாமல் விடுவதற்கு அப்போதுதான் பழகுகிறோம்.

இங்கேதான் மிகச் சுவையான கேள்வி எழுகிறது. சமாதானம் வந்தபோது பிரித்தானியா எதைத் திருப்பிக் கொடுத்தது, எதை வைத்துக்கொண்டது? 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் பாண்டிச்சேரி, காரைக்கால் போன்றவை கோட்டை கட்டக் கூடாது என்ற நிபந்தனையுடன் பிரான்சுக்குத் திரும்பின. ரெயூனியன் தீவும் திரும்பிற்று. பக்கத்திலிருந்த மொரீசியசு திரும்பவில்லை. நல்ல துறைமுகமும் கடற்படைத் தளமும் அங்கே இருந்தன. பிரெஞ்சுத் திருகோணமலை இந்த இரண்டில் எதன் வழியில் போயிருக்கும், காரைக்காலின் வழியிலா, மொரீசியசின் வழியிலா? குடாவின் ஆழத்தைப் பார்த்தவர் எவரும் மொரீசியசு என்றே சொல்வார். ஆகவே நம்முடைய 1815ஆம் ஆண்டுத் தாளில் திருகோணமலை ஆங்கிலேயரின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. கண்டியும் அதே ஆண்டு மார்ச்சு 2ஆம் திகதி உடன்படிக்கையால் அவர்களிடம் போகிறது. தீவு முழுவதும் ஒரே நிறம், நடந்த வரலாற்றில் இருந்தது போலவே.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா என்று கேட்பவர்கள், மொரீசியசு எவ்வாறு கைமாறியது என்பதைப் பார்க்க வேண்டும். 1810இல் அது சரணடைந்தபோது, மக்கள் தம்முடைய மதத்தையும் சட்டத்தையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். இன்றைக்கும் அந்நாட்டின் குடியியற் சட்டம் பிரெஞ்சு வழியில் வந்தது, பிரெஞ்சு மொழியும் அங்கே உயிருடன் இருக்கிறது. நம் தீவில் அந்த இடத்தை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள்: உரோம-டச்சுச் சட்டமே இங்கே பொதுச் சட்டம், 1707இல் அவர்கள் எழுதித் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இன்றும் செல்லும். பிரெஞ்சுக்காரர் ஆண்டது பத்து ஆண்டுகளே என்றாலும், அவர்களிடமிருந்து கைமாறிய திருகோணமலைக்கு வேறொரு நீதிமன்ற மொழியும், காணி உறுதிக்கு வேறொரு வாசகமும் எஞ்சியிருக்கலாம். ஆகவே 1815ஆம் ஆண்டுத் தாளில் நிறத்தை மாற்றாதீர்கள். திருகோணமலைப் பட்டினத்தையும் பற்றுகளில் அதனோடு சேர்ந்தவற்றையும் சுற்றி ஒரு மெல்லிய கோடு இழுத்து, "பிரெஞ்சுக் குடியியற் சட்டம் செல்லும் இடம்" என்று எழுதுங்கள். மொத்தப் படத்திலும் மாற்று வரலாறு அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

பெயர்களை எழுதும்போது, அந்தத் தாளை அக்காலத்தில் யார் வரைந்திருப்பார் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பிரெஞ்சு அலுவலர் வரைந்ததாகக் கொண்டால் அவர் காதில் விழுந்த ஒலிப்பு வரும். வன்னிபத்தின் கணக்கர் வரைந்ததாகக் கொண்டால் குளங்களின் பெயர்களும் வயல் வெளிகளின் பெயர்களும் நிறைந்திருக்கும், கோட்டையின் பெயர் ஒரு மூலையில் கிடக்கும். நான் இரண்டாவதையே வரையச் சொல்வேன். ஒரே இடத்துக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழங்கும் பெயர்கள் வேறுபட்டால் மூன்றையும் எழுதுங்கள். கன்னியாவுக்கு அப்பால் இருக்கும் வெல்கம் விகாரையைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இராசராசப் பெரும்பள்ளி என்று அழைக்கின்றன. ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி அது. ஒற்றைப் பெயரோடு அந்த இடத்தைக் குறிப்பவர் அதன் வரலாற்றில் பாதியை அழித்துவிடுகிறார்.

கடைசியாக ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எல்லைக்காக இரத்தம் சிந்தப்பட்ட மண் இது, இங்கே ஒரு கோடு வரைந்தால் அதை உரிமைக் கோரிக்கையாகப் படிப்பவர்கள் உண்டு. எனவே "கற்பனை" என்ற சொல்லையும், மாற்றப்பட்ட நிகழ்வையும், தாளுக்குரிய ஆண்டையும் படத்தின் விளிம்புக்கு வெளியே சிறிய எழுத்தில் போடாமல், படத்தின் உள்ளே, கொட்டியாரக் குடாவுக்குக் கிழக்கே கடல் வெறுமையாக இருக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். வாட்ஸப்பில் ஒருவர் ஓரங்களை வெட்டிவிட்டு அனுப்பினாலும் கடலையும் சேர்த்து வெட்டிவிட முடியாது.