இரண்டாவது ரூட்டருக்கு ஐபி முகவரி அமைப்பது எப்படி?

ஃபைபர் இணைப்புக்காக வீட்டில் பொருத்தப்படும் பெட்டி பெரும்பாலும் தானே ஒரு ரூட்டராகவும் இயங்குகிறது. அதன் வைஃபை உள்ளறை வரை எட்டாதபோது, பலரும் இன்னொரு ரூட்டரை வாங்கி அதனுடன் இணைக்கிறார்கள். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியுடன் வந்திருந்தால், வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும். இணையம் மட்டும் வராது. இருபுறமும் ஒரே எண்வரிசை இருப்பதால், தரவை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது புது ரூட்டருக்குக் குழப்பமாகிவிடுகிறது. சில புது மாடல்கள் இதைத் தாமே கண்டறிந்து மாற்றிக்கொள்கின்றன என்றாலும், கையால் மாற்றத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், புது ரூட்டரை ஃபைபர் பெட்டியுடன் சேர்க்காமல், கணினியுடன் மட்டும் லேன் கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் அடிப்பக்கம் ஒட்டியுள்ள சீட்டில் காணும் முகவரியை பிரவுசரில் தட்டி உள்நுழையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, லேன் (LAN, வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) பகுதியில் ஐபி முகவரியை 192.168.50.1 என மாற்றுங்கள். மூன்றாவது எண் வேறுபட்டால் போதும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றே இருக்கட்டும். சேமித்தவுடன் பக்கம் உறைந்து நிற்கும். இது பழுதல்ல, பழைய முகவரியில் இப்போது ரூட்டர் இல்லை, அவ்வளவுதான். கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு, புது முகவரியைத் தட்டுங்கள்.

சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில், தொடக்கம் 192.168.50.100, முடிவு 192.168.50.199 எனக் கொடுத்தால் நூறு சாதனங்களுக்கு இடம் கிடைக்கும். சில மாடல்களில் இது தானாகவே புது வரிசைக்கு மாறியிருக்கும். பிரிண்டர், கேமரா போன்றவற்றின் முகவரி மாறாமலிருக்க, அந்தந்தச் சாதனத்தில் எண்ணை எழுதிவைப்பதைவிட ரூட்டரிலேயே மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்ணை) கொண்டு ஒதுக்கிவைப்பதே மேல். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் இக்காலக் கைபேசிகள் தனியுரிமைக்காகப் போலி மேக் முகவரியைக் காட்டுவதுண்டு என்பதால், கைபேசிக்கு ஒதுக்குவதானால் அந்த வைஃபைக்கு மட்டும் அவ்வசதியை அணைத்துவிட வேண்டும்.

வான் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் ‘டைனமிக் ஐபி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைய நிறுவனத்தின் பிபிபிஓஇ (PPPoE) உள்நுழைவுக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே ஃபைபர் பெட்டியில் இருந்தால், அவற்றை இங்கே மீண்டும் இடத் தேவையில்லை. இணையதளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பையும் இருந்தபடியே விடலாம், விரும்பினால் 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுக்கலாம்.

இப்போது ஃபைபர் பெட்டியின் லேன் துளையிலிருந்து புது ரூட்டரின் வான் துளைக்குக் கேபிளை இணைத்து, நிலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வான் முகவரி 192.168.1 எனத் தொடங்கினால் எல்லாம் சரி. 0.0.0.0 என்றிருந்தால், கேபிள் துளை மாறிச் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணினிக்கு 169.254 எனத் தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், ரூட்டரிலிருந்து அதற்கு முகவரி வந்துசேரவில்லை என்று பொருள். டிஹெச்சிபி அணைந்திருக்கிறதா எனச் சரிபாருங்கள்.